எட்டுப் போல்ட்டுகளும் ஒரு மனச்சான்றும்

நாம் உறங்கும் வீட்டின் அடித்தளத்தை நாம் கண்டதில்லை. ஏறி அமரும் பேருந்தின் பிரேக்கைக் கடைசியாகக் கழற்றிப் பார்த்தவர் யார் என்று நடத்துநரிடம் கேட்டதில்லை. காய்ச்சல் கண்ட குழந்தைக்குப் புகட்டும் மருந்தைக் காய்ச்சிய கைகள் எவை என்று நமக்குத் தெரியாது. அன்றாட வாழ்வு முழுவதும், முகமறியாத பலர் மறைவான இடங்களில் செய்து முடித்த வேலையின்மேல் சாய்ந்து நிற்கிறது. அவ்வேலையை நாம் நம்புகிறோம் என்று சொல்வதைவிட, நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை என்று சொல்வதே பொருந்தும்.

செஞ்சியில் வாழ்வோருக்கு இதை நினைவூட்ட ஒரு மலையே நிற்கிறது. இராஜகிரியின் உச்சிக் கோட்டையை அடையுமுன் பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று குறுக்கிடும். அதன்மேல் மரப்பாலம் ஒன்றிருந்தது. கீழே எத்தனை மதில்கள் வீழ்ந்தாலும் அப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சியை எவரும் நெருங்க இயலாது. 1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698 வரை இம்மலையடியில் காத்துக் கிடந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் எத்தனை வீரர்கள் இரவில் தலைச்சுமையோடு அப்பாலத்தைக் கடந்திருப்பார்கள்! மரங்களை இணைத்த தச்சன் யாரென அவர்கள் அறியார். தன் இணைப்பின்மேல் நடக்கப்போகிறவர் யாரென அந்தத் தச்சனும் அறிந்திருக்க மாட்டான். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே. உலகம் இன்று மதில்களைப் பார்க்க வருகிறது. நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவதோ அந்தத் தச்சனை.

எவரும் காணாத இடத்தில் செய்த வேலையைப் பற்றி, செய்து முடித்த பிறகு மனத்தில் ஐயம் எழுந்தால், நாம் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? நூல் படித்து எழுந்த கேள்வியன்று இது. வீட்டுக் கொட்டகையில், ஒரு பழைய ஜீப்பின் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தபோது எழுந்தது.

அந்த ஜீப் நம் தந்தையார் ஏலத்தில் எடுத்தது. மகிந்திரா நிறுவனத்தின் எம்.எம். 540. 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், 1980-களின் நடுவில் வெளியிட்ட வண்டி அது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். உள்ளிருப்பது பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் டீசல் எஞ்சின். பெயரிலேயே அதன் உடற்கூறு அடங்கியிருக்கிறது: நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 83 மில்லிமீட்டர். ஆக மொத்தக் கொள்ளளவு 2,112 கன சென்டிமீட்டர். மல்லாட்டை மூட்டைகளையும், சில இரவுகளில் பேறுகால வேதனையில் துடித்த பெண்களையும் சுமந்த அவ்வண்டி, தந்தையார் மறைந்தபின் பன்னிரண்டு ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது.

ஜவ்வாது மலையைச் சேர்ந்த விவசாயி ஒருவர் அதைக் கேட்டு வந்தார். அவர் ஊருக்குச் செல்லும் பாதையில் மழைக்காலத்தில் வேறு வண்டி ஏறாது. சாமை மூட்டையை இறக்கவும், நள்ளிரவில் நோயாளியை ஜமுனாமரத்தூருக்குக் கொண்டு செல்லவும் அவருக்கு ஒரு ஜீப் வேண்டும். "ஓடுற மாதிரி ஆக்கிக் குடுங்க, ஐயா. விலைய அப்புறம் பேசிக்கலாம்" என்றார். ஓடும்படி ஆக்கித் தருவதாக வாக்களித்தோம்.

நம்மூரில் நாற்பது ஆண்டு டீசல் வண்டிகளோடு வாழ்ந்த மெக்கானிக் ஒருவரை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். கண்பார்வை குறைந்ததால் அவர் பட்டறையை மூடிவிட்டார். அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்ல, நாம் செய்வதென்று ஏற்பாடு. புளியமரத்துக் கிளையில் செயின் பிளாக் கட்டி எஞ்சினை இறக்கினோம். ஹெட்டைக் கழற்றுகையில் ஓரத்துப் போல்ட்டுகளில் தொடங்கி நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் ஹெட் வளைந்துவிடும் என்பதை அன்றுதான் கற்றோம். கிராங்க் தேய்ந்திருந்தது. அதைப் பட்டறைக்குக் கொடுத்து அரை மில்லிமீட்டர் குறையும்படி கடைந்து, அதற்கேற்ற பேரிங் வாங்கினோம். சில பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை வரை போக நேர்ந்தது. டீசல் பம்பைத் தொட வேண்டாமென்று பாய் தடுத்து, அதற்குரிய பட்டறைக்கே அனுப்பினார். அதனுள் ஓடும் சிறு தண்டுக்கும் அதன் குழலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. நம் தலைமயிர் ஒன்றின் பருமன் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் இருக்கும்.

இவ்வகை எஞ்சினைக் கண்டவர் ருடால்ஃப் டீசல். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சினைச் சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு உழைப்பாக மாறியது. அக்கால நீராவி எந்திரங்கள் பெரும்பாலும் இதில் பாதியைக்கூட எட்டவில்லை. சிறு கைவினைஞன் பெரும் ஆலைகளோடு நிகராக நிற்க இது துணையாகும் என்று அவர் நம்பினார். 1903-இல் உழைப்பாளர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாழும் சமூகத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எஞ்சின் உலகெங்கும் பரவியது. அந்நூலை இன்று நினைப்பார் இல்லை. ஆனால் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றல் என்னும் அக்கருத்து அவர் எஞ்சினுக்குள்ளேயே, கனெக்டிங் ராடின் அடிமூடியைப் பிடித்திருக்கும் எட்டுப் போல்ட்டுகளில், குடியிருப்பதை நாம் பின்னர் கண்டோம்.

ராடுகளை முடுக்கிக்கொண்டிருந்த மாலையில் வாசலில் யாரோ அழைத்தார்கள். எழுந்து சென்றோம். பேச்சு நீண்டது, தேநீரும் வந்தது. திரும்பி வந்து எஞ்சிய வேலையை முடித்து, ஆயில் சம்பை மூடி, மறுநாள் எஞ்சினை வண்டியில் ஏற்றினோம். மூன்றாம் நாள் இரவு படுக்கையில் ஒரு கேள்வி வந்து அமர்ந்தது. எழுந்து சென்றபோது மூன்றாம் ராடில் இருந்தோம். அதன் இரண்டு போல்ட்டுகளையும் முதலில் சாதாரண ஸ்பேனரால் பிடித்தோம். டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முடுக்கியது எழுந்து போவதற்கு முன்பா, பின்பா? அல்லது முடுக்கவே இல்லையா?

இது ஏன் பெரிதென்று கேட்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. உச்சியில் அது நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் ராடின் அடிமூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டை இழுக்கிறது. உரிய அளவுக்கு முடுக்கப்பட்ட போல்ட், விறைத்த வில்லின் நாணைப்போல் சற்றே நீண்டு நின்று தன் பிடியால் அவ்விழுப்பைத் தாங்கிவிடும். முடுக்கம் குறைந்ததோ, ஒவ்வொரு இழுப்பிலும் நீண்டு சுருங்கிக் களைத்து ஒருநாள் அறுந்துபோகும். அறுந்தால் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், எஞ்சின் இறுகிவிடும், கியரில் இருக்கும் வண்டியின் சக்கரங்கள் உருளாமல் பூட்டிக்கொள்ளும். சமதரையில் அது ஒரு நட்டம். ஜவ்வாது மலையின் வளைவில் இறங்கும்போது அப்படி நேர்ந்தால் வண்டியில் இருப்பவர் கதி என்னவாகும்?

அவ்விரவு நம் உள்ளம் மூன்று சமாதானங்களைச் சொன்னது. கை பழகிய வேலை, செய்திருப்போம் என்பது முதலாவது. பழைய வண்டி, குறைந்த விலை, வாங்குபவருக்கும் அது தெரியும் என்பது இரண்டாவது. மூன்றாவதே நயமானது: தளர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதே, தெரியாமல் நேர்வதில் குற்றமேது?

இம்மூன்றாம் சமாதானத்தைக் குறித்து இங்கிலாந்தின் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877-இல் ஒரு கட்டுரை எழுதினார். பழுதடைந்த கப்பல் ஒன்றின் உரிமையாளனை அதில் அவர் கற்பனை செய்கிறார். கப்பலைப் பற்றி அவனுக்கு ஐயம் இருந்தது. பலமுறை பத்திரமாகத் திரும்பி வந்த கப்பல்தானே என்று சொல்லிச் சொல்லி அவன் ஐயத்தை அடக்கினான். கப்பல் மூழ்கியபோது தான் உண்மையாகவே நம்பியதாகச் சொன்னான். நம்பியது உண்மைதான், ஆனால் அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமையில்லை என்கிறார் கிளிஃபர்ட். அதற்கும் மேலே ஒரு படி செல்கிறார். அக்கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே. கண்டுபிடிக்கப்படாத குற்றவாளி, அவ்வளவுதான். கிளிஃபர்ட் கடவுள் நம்பிக்கையை ஏற்காதவர். ஆயினும் இவ்விடத்தில் அவருடைய குரல் நம் மரபிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நீக்கக்கூடிய அறியாமையை வேண்டுமென்றே காத்துக்கொள்பவனுக்கு அவ்வறியாமை சாக்காகாது என்று புனித தோமா அக்குவினா அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார்.

எனினும் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எழும் ஐயம் ஒவ்வொன்றுக்கும் பணிந்தால் எந்த எஞ்சினையும் மூட முடியாது. பூட்டிய கதவை நான்குமுறை இழுத்துப் பார்ப்பவர்களை நாம் அறிவோம். பாவம் அறிக்கையிட்ட மறுகணமே, சரியாகச் சொன்னோமா என்று கலங்குபவர்களையும் அறிவோம். புனித இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் இந்த நோயால் மிகவும் வாடினார். பின்னாளில் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கென்றே சில குறிப்புகளை எழுதினார். திருச்சபையிலும் இவ்விரு எல்லைகளைப் பற்றிய வழக்கு நெடுங்காலம் நடந்தது. மனச்சான்றை மிகவும் தளர்த்திய கருத்துகளை 1679-இல் பதினொன்றாம் இன்னசெந்து கண்டித்தார். மிகவும் இறுக்கிய கருத்துகளை 1690-இல் எட்டாம் அலெக்சாந்தர் கண்டித்தார்; செஞ்சிக் கோட்டையின் முற்றுகை தொடங்கியதும் அதே ஆண்டுதான். அடுத்த நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை கண்டார். இதை நினைக்கும்போது பாயின் அறிவுரை ஒன்று நம் காதில் ஒலித்தது. "லூசா விட்டாலும் அறும், ஓவரா முறுக்குனாலும் அறும், சார்." அளவுக்கு மேல் முடுக்கிய போல்ட் நீண்டுபோய்த் தன் வலிமையை இழந்துவிடும். மனச்சான்றுக்கும் அது பொருந்தும் போலும்.

அப்படியானால் மதிக்க வேண்டிய ஐயத்தையும் உதற வேண்டிய ஐயத்தையும் எப்படிப் பிரித்தறிவது? அவ்விரவில் நாம் நமக்கே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டோம். இந்த ஐயத்துக்குக் குறிப்பிட்ட காரணம் உண்டா? உண்டு, வேலையின் நடுவே எழுந்து போனோம். எட்டில் மற்ற ஆறைப் பற்றி நமக்கு ஐயமே இல்லை என்பதும் இதற்குச் சான்று. நோயான ஐயம் எல்லாவற்றின்மேலும் படரும். நேர்மையான ஐயம் ஓரிடத்தைச் சுட்டும். அடுத்து, சோதித்து அறிய வழியுண்டா? உண்டு, முன் அச்சுக்கு மேலே எஞ்சினைச் சற்றுத் தூக்கி சம்பைக் கழற்றினால் போதும். இரண்டு நாள் உழைப்பும் ஒரு புதிய கேஸ்கெட்டும் அதன் விலை. கடைசியாக, நாம் தவறியிருந்தால் அடி யார்மேல் விழும்? நம்மேல் மட்டும் விழுமாயின் துணியலாம். பிறர் உயிர் நடுவே நிற்கும்போது, செய்திருக்கக்கூடும் என்னும் எண்ணத்தை வைத்துக்கொண்டு செயல்படலாகாது என்பதில் அறநெறியாளர்களின் எல்லாப் பள்ளிகளும் ஒன்றுபட்டன. காட்டில் அசைவது மானா மனிதனா என்று தெரியாத வேடன் அம்பு விடலாகாது என்பதே அவர்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு.

விடிந்ததும் எஞ்சினைத் தூக்கினோம். சம்பைக் கழற்றி, அடியில் படுத்து, டார்க் ரெஞ்சை உரிய அளவில் வைத்து எட்டுப் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தினோம். எட்டும் சிறிதும் அசையவில்லை. எட்டு முறையும் ரெஞ்ச் "டிக்" என்றது. மூன்றாம் ராடும் முன்பே சரியாக முடுக்கப்பட்டிருந்தது.

அப்போது நமக்குள் முதலில் எழுந்தது மகிழ்ச்சியன்று, ஒரு வகை ஏமாற்றம். வீண் வேலை என்று வாய்விட்டே சொன்னோம். பாய் சிரித்தார். மூடும் முன் ஒரு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி, முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். "முதல்லயே சொல்லிருக்கணும் சார், மறந்துட்டேன். மனசு மறக்கும், பெயிண்ட் மறக்காது." நாற்பது ஆண்டு அனுபவத்தில் அவர் அடைந்த பணிவு அந்தப் புள்ளியில் இருந்தது. 1935-இல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று சோதனையின்போது எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்தவர்கள், கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பூட்டியிருந்த கொண்டியை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அதன் பிறகே விமானிகள் பட்டியல் வைத்துப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் வேரூன்றியது. தேர்ந்தவனும் மறப்பான் என்று ஒப்புக்கொள்வது இழிவன்று. பிறரை நேசிப்பதன் ஒரு வடிவம் அது.

இங்கேயே நிறுத்தினால் இக்கட்டுரை நம்மை நல்லவராகக் காட்டி முடிந்துவிடும். ஆனால் நடந்தது முழுவதும் இதுவன்று.

வண்டியைச் சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தோம். எஞ்சினைத் திரும்பத் திறக்க முடிவுசெய்த காலையில் அந்த விவசாயி தொலைபேசியில் அழைத்தார். "சென்னையிலிருந்து கேஸ்கெட் வரவில்லை, ஒரு வாரம் ஆகும்" என்றோம். கேஸ்கெட் நம் அலமாரியில் இருந்தது. போல்ட்டை முடுக்கினோமா என்று தெரியவில்லை எனச் சொல்ல வெட்கப்பட்டோம், அவ்வளவே காரணம். சாமை அறுவடை முடிந்து மூட்டைகள் காத்திருந்தன. அவர் வேறொரு வண்டியை வாடகைக்குப் பிடித்து அவற்றைப் போளூருக்கு இறக்கினார். நம் ஐயத்தின் விலையில் ஒரு பங்கை, தமக்குத் தெரியாமலே, அவர் செலுத்தினார்.

வண்டியைப் பெற வந்தபோது அவரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. சற்று நேரம் வண்டியின் முன்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இதைச் சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு கை புடிச்சிருப்பனே, ஐயா. வாடகை குடுக்கறதா, காத்திருக்கறதான்னு நானே பாத்திருப்பேன்" என்றார். வாடகைப் பணத்தை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னோம். பாதியை மட்டுமே கழித்தார்.

அவருடைய சொல் நம்மைவிட்டு இன்னும் அகலவில்லை. போல்ட்டின் மெய்ம்மைக்காக இரண்டு நாள் உழைத்தோம். சொல்லின் மெய்ம்மையை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்தோம். மறைவான வேலையில் நேர்மை வேண்டும் என்று நமக்குள் வாதிட்டபோது, அவ்வேலையின் பயனையும் இடரையும் சுமக்கப்போகிற மனிதரை நாம் கணக்கில் எடுத்தோம். ஆனால் பேச்சில் சேர்க்கவில்லை. அவருடைய உயிருக்கு மதிப்பளித்தோம், அவருடைய அறிவுக்கு மதிப்பளிக்கவில்லை. நன்மை செய்கிறோம் என்று எண்ணும்போது இத்தவறு மிக எளிதாக நேர்கிறது. பெற்றோர் பிள்ளைகளிடமும், மருத்துவர் நோயாளியிடமும், பங்கின் பொறுப்பில் இருப்போர் மக்களிடமும் இதைச் செய்வதுண்டு. அவர்கள் நலனுக்காகவே அவர்களுக்குச் சொல்லாமல் விடுகிறோம். அந்த மௌனத்தில் நம் பெயரைக் காக்கும் ஆசை எத்தனை பங்கு என்று எடுத்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. டீசல் புகை புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. நாசில்களைச் சரிசெய்து, பம்பைச் செப்பனிட்டு, கரும்புகையைக் குறைத்தோம், இல்லாமல் ஆக்கவில்லை. அந்த மலைப்பாதையோரம் நடக்கும் குழந்தைகளிடம் எவரும் கேட்கவில்லை. நள்ளிரவில் நோயாளியைச் சுமக்க அங்கே இன்று வேறு வண்டி இல்லை என்பது நம் விடை. அது போதுமான விடைதானா என்று நம்மால் துணிந்து சொல்ல இயலவில்லை. இந்த ஐயமும் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டுகிற ஐயமே. ஆதலால் அதை உதறாமல் வைத்திருக்கிறோம்.

வண்டி சென்ற மாலையில் கொட்டகையைப் பெருக்கினோம். தரையில் வெள்ளைப் பெயிண்ட் சில துளிகள் சிந்தி உலர்ந்திருந்தன. இராஜகிரியின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே அந்த மரப்பாலத்தை இணைத்த தச்சனுக்கும் ஓர் இரவில் இப்படி ஓர் ஐயம் எழுந்திருக்கலாம். அவன் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு மலையேறிப் போய்ப் பார்த்திருக்கலாம். வரலாறு அதைக் குறித்துவைக்கவில்லை, குறிக்கவும் போவதில்லை. ஆனால் மறுநாள் காலையில் சுமையோடு அப்பாலத்துக்கு வந்த வீரனிடம், நேற்றிரவு ஏன் வந்தேன் என்பதையும் அவன் சொல்லியிருந்தால், நம்மைவிட அவன் ஒரு படி மேலானவன்.